“ஏன் முந்திக் கேக்கேல்லை?”

அமெரிக்க ஃபெடரல் சிவில் வழக்குகளில், விசாரணைக்கு முன் ஒரு தரப்பு மற்றத் தரப்பிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் கட்டத்துக்கு டிஸ்கவரி எண்டு பேர். தவணை முடிஞ்ச பிறகு அதைத் திரும்பத் திறக்கச் சொன்னால் நீதிபதி முதலில் கேட்பது மேலே உள்ள கேள்வியைத்தான். 16ஆவது விதி “தகுந்த காரணம்” கேட்கிறது. அது பெரும்பாலும் கேட்கிறவரின் சுறுசுறுப்பை வைத்தே அளக்கப்படுகிறது.

ஒளிச்சு வச்சவரை ஆர் அளக்கிறது?

குட்இயர் வழக்கைப் பாருங்கோ. ஜி159 டயரால்தான் தங்கட வாகனம் பிரண்டது எண்டு ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. டயர்ச் சோதனை முடிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டது. கம்பனி முழுசாக் குடுக்கேல்லை. வருஷக்கணக்கா இழுபட்டு, விசாரணை தொடங்கப்போற நேரம் சமரசம். சில மாதம் கழித்துத்தான் அவர்களின் சட்டத்தரணி பத்திரிகையில் வாசிக்கிறார்: அதே டயர் பற்றிய வேறொரு வழக்கில், அவர் காணாத சோதனை முடிவுகளைக் குட்இயர் குடுத்திருக்கு. மணிக்கு 55 முதல் 65 மைல் வேகத்தில் டயர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகியிருக்கு!

கீழ் நீதிமன்றம் 27 இலட்சம் டொலர் செலவுத்தொகை கட்டச் சொன்னது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாக நீக்கியது. ஒளிப்பு இல்லாவிட்டால் வந்திராத செலவை மட்டும்தான் கேக்கலாமாம். தண்டனையும் நட்டஈடும் வேறவேற எண்ட தர்க்கம் விளங்குது. ஆனா அந்தத் தாளை முந்தியே கண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு ஆரால் நிரூபிக்க ஏலும்?

வழக்குக்கு ஒரு முடிவு வேணும், சரி. கேட்டும் குடுக்காத ஆவணம் பிறகு வெளிய வந்தால் மட்டும் கேள்வியைத் திருப்பிப் போடுங்கோ: ஏன் முந்திக் குடுக்கேல்லை? அதுக்கு மறுமொழி இல்லாட்டி டிஸ்கவரி தானாத் திறக்கட்டும், ஒளிச்சவரின் செலவில.