அங்கீகாரமா, தாயத்தா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் தோழர் ஒருவர் சில தினங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். அவருடைய மகள் பத்தாவது பரீட்சை எழுத வேண்டியவள். அவள் படிக்கும் தனியார் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரம் முடிந்து இரண்டு வருஷமாகிறதென்றும், பிள்ளைகளை வேறொரு பள்ளியின் பேரால் பரீட்சைக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு நடக்கிறதென்றும் அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். "அய்யா, வட்டிக்கு வாங்கிப் பீசு கட்டினேன். ஆபீஸ் ரூம் செவுத்துல பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டு, சர்க்கார் முத்திரையோட காயிதம் மாட்டியிருந்தாங்க. அதுக்குச் சந்தனம் குங்குமம் வேற வச்சிருந்தாங்க. அதைப் பாத்துத்தான் நம்பினேன். அதுல தேதி ஒண்ணு இருக்கும், அதைப் பாக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

அந்தத் தோழரை நாம் குறை சொல்ல மாட்டோம். அவர் நம்பியது நம் நாட்டில் எல்லோரும் நம்புகிற மாதிரிதான். தாயத்துக் கட்டிக் கொள்ளுகிறவன் அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை. பார்த்தால் பலிக்காது என்று கட்டிவிட்டவன் சொல்லியிருப்பான். அதேபோல் சுவரில் தொங்குகிற காகிதத்திற்குக் குங்குமம் வைத்துவிட்டால் அது படிக்க வேண்டிய பத்திரம் என்பது போய், கும்பிட வேண்டிய வஸ்துவாகி விடுகிறது. கும்பிடுகிறவனுக்குக் கேள்வி ஏது?

ஆகவே இந்த அங்கீகாரம் என்பது என்ன, யார் கொடுப்பது, யார் பிடுங்குவது, பிடுங்கினால் யார் தலையில் விழுகிறது என்பவைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு தனிப்பட்டவரோ, ஒரு சங்கமோ, ஒரு மதத்தாரோ பள்ளிக்கூடம் நடத்தலாம். ஆனால் அது பொதுஜனங்களின் சம்மதத்தோடு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, குறிப்பிட்ட காலத்திற்கு மாத்திரம் நடத்தப்பட வேண்டியது. அந்தச் சம்மதச் சீட்டுக்குத்தான் அங்கீகாரம் என்று பெயர். தமிழ்நாட்டில் இதற்காக 1973-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று 1974 டிசம்பர் முதல் நடந்து வந்தது. அதற்குப் பதிலாக 2018-இல் இயற்றப்பட்ட தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டம் 2023-இல் அமுலுக்கு வந்தது. இவையன்றி, இந்தியா முழுமைக்குமான 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் இருக்கிறது. அங்கீகாரமில்லாமல் தனியார் பள்ளி நடத்தக் கூடாதென்றும், நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமென்றும், பின்னும் நடத்தினால் நாளொன்றுக்குப் பதினாயிரம் ரூபாய் என்றும் அதன் 18-ஆவது பிரிவு சொல்லுகிறது.

அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்குப் பள்ளிக்காரர் முக்கியமாய் நான்கு சான்றுகள் கொண்டு போகிறார். கட்டடம் உறுதியாயிருக்கிறது என்று பொறியாளர் தருவது ஒன்று. கட்டட உரிமம் ஒன்று. தீயணைப்புத் துறையார் தரும் தடையின்மைச் சான்று ஒன்று. சுகாதாரச் சான்று ஒன்று. இவைகளோடு நிலத்தின் அளவு, ஆசிரியர்களின் தகுதி, கணக்கு முதலியவைகளும் பார்க்கப்படும். பெரும்பாலும் மூன்று வருஷத்திற்கு ஒரு முறை இந்தச் சடங்கு நடக்கிறது.

சடங்கு என்று ஏன் சொல்லுகிறோம்? நான்கு சான்றும் வேண்டாமென்பதற்காக அல்ல. கும்பகோணத்தை மறந்தவன்தான் அவை வேண்டாமென்பான். 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் காசிராமன் தெருவில், ஒரே கட்டடத்தில் பல பள்ளிகளை அடைத்து நடத்திய இடத்தில், சத்துணவுச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்கு ஏறி, 94 குழந்தைகள் கருகிச் செத்தார்கள். அது யாருக்கும் தெரியாமல் காட்டில் ஒளிந்திருந்த பள்ளியா? ஊர் நடுவில், அதிகாரிகள் வந்து போய்க் கொண்டிருந்த பள்ளி. சர்க்கார் பணம் பெற்ற பள்ளியும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும், 11 பேரை விடுதலை செய்தும் தீர்ப்புச் சொன்னபோது, தண்டனை பெற்றவர்களில் பள்ளி நடத்தியவர்கள் மாத்திரமல்ல, கல்வி அலுவலகத்தாரும் ஒரு பொறியாளரும் இருந்தார்கள். 2017-இல் உயர்நீதிமன்றம் சிலரை விடுவித்தது. நிறுவனருடைய ஆயுள் தண்டனையையும் குறைத்தது. செத்த பிள்ளைகளுக்கு மாத்திரம் அப்பீல் இல்லை.

இந்தக் கொடுமைக்குப் பின், பத்திரமான பள்ளிக்கூடம் என்பது கல்வி உரிமையில் அடங்கியது என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. சொல்லியும் என்ன? 2021 டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் சர்க்கார் உதவி பெறும் பள்ளியொன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் மாகாணமெங்கும் பள்ளிக் கட்டடங்களைப் பார்க்க உத்தரவு பறந்தது. பிணம் விழுந்த பின் பார்ப்பதற்குப் பரிசோதனை என்று பெயரா, கருமாதி என்று பெயரா என்று கேட்கின்றோம்.

நிற்க, நமது வடசென்னைக்கு வருவோம். 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தை குட்டிகளோடு தெருவில் ஓடினார்கள். 2024 அக்டோபர் 25-ந் தேதி திருவொற்றியூரில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஏதோ ஒரு வாயுவால் 30-க்கு மேற்பட்ட பிள்ளைகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பள்ளியை மூடி, நவம்பர் 4-ந் தேதி திறந்தார்கள். திறந்த அன்றே மறுபடியும் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், மறுபடியும் மூடினார்கள். அது எங்கிருந்து வந்த வாயு என்று அந்தத் தாய்மார்களுக்கு அன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்பொழுது கேட்கிறோம்: மேலே சொன்ன நான்கு சான்றுகளில் எது பிள்ளை மூச்சு விடுகிற காற்றைப் பற்றிப் பேசுகிறது? அனல் மின் நிலையமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உரத் தொழிற்சாலையும், இரவு பகலாய்க் கண்டெய்னர் லாரிகளும் சூழ்ந்த இந்தப் பகுதியிலுள்ள பள்ளிக்கும், மலைச்சாரலில் உள்ள பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாளா? இங்கே தொழிற்சாலைக்காரனும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் ஓர் இசைவாணை வாங்கி, அதையும் காலாகாலத்தில் புதுப்பிக்கிறான். பள்ளிக்காரன் காகிதமும் சரியாயிருக்கிறது. ஆலைக்காரன் காகிதமும் சரியாயிருக்கிறது. இரண்டு சரியான காகிதங்களுக்கும் நடுவில் பிள்ளை மூச்சடைத்து விழுகிறது!

அன்றியும், புதுப் பள்ளிக்கூடம் கட்டுகிறவர் முதலில் செய்வது என்ன? பூமி பூஜை. பிறகு வாஸ்துக்காரன் சொன்னானென்று வாசலை இடித்து வேறு திக்கில் வைக்கப் பணமிருக்கிறது. தீப்பிடித்தால் பிள்ளைகள் இறங்கி ஓட இரண்டாவது மாடிப்படி கட்டு என்றால் மாத்திரம் இடமில்லை, பணமில்லை! இப்படிப்பட்டவர் சர்க்கார் சான்றையும் ஒரு பரிகாரமாகவே நினைத்து, அதற்கும் தட்சணை வைத்து வாங்கப் பார்ப்பதில் ஆச்சரியமென்ன? அங்கீகாரத்தைப் புதுப்பிக்க லஞ்சம் வாங்கிய கல்வி அலுவலர் பிடிபட்டார் என்ற சேதி அடிக்கடி பத்திரிகைகளில் வருவதை வாசகர்கள் அறிவார்கள்.

சரி, நிபந்தனையை மீறிய பள்ளியின் அங்கீகாரத்தை ரத்துச் செய்வதுதானே என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் சங்கடம். நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பள்ளிக்காரர் பக்கத்தைக் கேட்க வேண்டும். எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். இவை நியாயமே. அந்த உத்தரவிலேயே, பிள்ளைகள் பக்கத்திலுள்ள எந்தப் பள்ளியில் சேர்க்கப்படுவார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டுமென்று 2009-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. இது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் நடப்பது வேறு. நோட்டீஸ் போகிறது, வாய்தா வருகிறது, கோர்ட்டில் தடையுத்தரவு வருகிறது, அதற்குள் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பணமும் வாங்கியாகி விடுகிறது. பிறகு முதலாளி, "இத்தனை பிள்ளைகளின் கதி என்ன?" என்று பிள்ளைகளைக் கேடயமாகப் பிடித்துக் கொண்டு நிற்கிறார். சர்க்காரும் "தற்காலிக அங்கீகாரம்" என்று ஒன்றைக் கொடுத்து நழுவுகிறது. 2015-16-இல் போதிய நிலமில்லாத 700-க்கு மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு இப்படித்தான் தற்காலிகமாய் நீட்டிப்புக் கொடுக்கப்பட்டது. சட்டப்படி எல்லாப் பள்ளிகளும் விதிகளை நிறைவேற்ற வேண்டிய கெடுவோ 2013 மார்ச்சோடு முடிந்துவிட்டது. தற்காலிகம் என்பது நம் நாட்டில் எவ்வளவு காலம் என்பதை யார் சொல்லுவது?

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி பார்த்தார்கள். 1991-இல் மின்னசோட்டா மாகாணத்தில் தொடங்கி, "சார்ட்டர்" பள்ளிகள் என்று ஒரு வகை ஏற்பட்டது. சர்க்கார் பணத்தில் தனிக் குழுவார் நடத்துவார்கள். அனேகமாய் ஐந்து வருஷம் போல ஒரு கெடு. கெடு முடிவில், சாசனம் கொடுத்தவர்கள் வந்து பிள்ளைகள் என்ன கற்றார்கள், பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்த்துப் புதுப்பிப்பார்கள் அல்லது மூடுவார்கள். "பிள்ளை கற்றதா?" என்று கேட்பது நம் நான்கு சான்றுகளிலும் இல்லாத நல்ல கேள்வி. ஆனால் அங்கேயும் மூடப்படும் பள்ளிகள் கறுப்பர்களும் ஏழைகளும் வாழும் தெருக்களிலேயே அதிகம். மூடியபின் அலைகிறவர்களும் அவர்களே. மேலும், பரீட்சைத் தேர்ச்சியை மாத்திரம் பார்த்தால் என்னாகும் என்பதை நமது சென்னை மாகாணம் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியே கண்டது. தேறிய தலைக்கு இவ்வளவென்று பள்ளிக்குப் பணம் கொடுத்த காலத்தில், உருப்போடுவதுதான் வளர்ந்தது. இன்றும் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று பேனர் கட்டும் பள்ளிகளில் சில, மந்தமான பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியே தள்ளிவிட்டு அந்த நூறை அடைகின்றன என்பது பெற்றோர் அறியாததல்ல.

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான்: அங்கீகாரம் பள்ளி முதலாளியின் சொத்தல்ல, அது பிள்ளையின் பாதுகாப்புப் பத்திரம். புதுப்பிப்பதும் ரத்துச் செய்வதும் பிள்ளையை முன்னிட்டு நடக்க வேண்டுமேயொழிய, அலுவலக அறையில் இரண்டு பேருக்குள் முடிகிற காரியமாக இருக்கக் கூடாது.

அதற்கு, முதலாவது, அங்கீகாரம் உண்டா இல்லையா என்பது பிள்ளைகளைச் சேர்க்குமுன், பணம் வாங்குமுன் முடிவாக வேண்டும். முடிவு தேதியைப் பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனையன்று பெற்றோர் கூட இருக்க வேண்டும். சர்க்கார் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் முக்கால் பங்கு பெற்றோர் கொண்ட மேலாண்மைக் குழுவைச் சட்டம் வகுத்திருக்கிறது. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மாத்திரம் அது இல்லை. பணம் கட்டுகிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை குறைவு என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது, எண்ணூர், மணலி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் பகுதிகளில் காற்றின் நிலையும், வாயு கசிந்தால் பிள்ளைகளை எந்த வழியாய் எங்கே கொண்டு போவதென்ற ஏற்பாடும் ஐந்தாவது சான்றாக வேண்டும். இதற்குப் பள்ளிக்காரர் மாத்திரமல்ல, ஆலைக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

நான்காவது, ரத்துச் செய்தால் கதவைப் பூட்டிப் பிள்ளைகளைத் தெருவில் விடுவதல்ல. அந்த வருஷம் முடியும்வரை சர்க்காரே பொறுப்பேற்று நடத்தி, பிறகு பக்கத்துப் பள்ளியில் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். தண்டனை முதலாளிக்கு, பிள்ளைக்கல்ல.

ஐந்தாவது, அங்கீகாரம் வாங்க வேண்டாத சர்க்கார் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் இதே பரிசோதனைக்குத் தாமாக உட்பட வேண்டும். பிறருக்குச் சொல்லும் நியாயம் தனக்கில்லை என்பது புரோகிதன் புத்தி. சர்க்காருக்கு அது அடாது. ஏழைப் பிள்ளை கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்தப் பள்ளிகள்தான். பள்ளிப் பிள்ளைக்குப் பகலுணவு போட வேண்டுமென்று 1920-லேயே சென்னை நகரசபையில் வழி செய்த தியாகராயர் வாழ்ந்தது இந்த வண்ணாரப்பேட்டையில்தான் என்பதை இப்பகுதியார் நினைவில் வைக்க வேண்டும்.

இவையெல்லாம் நடக்க நாளாகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு காரியம் செய்ய யாருடைய உத்தரவும் தேவையில்லை. தோழர்களே, தாய்மார்களே! அடுத்த முறை பள்ளிக்கூடத்திற்குப் போகும்போது, அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் முன் நின்று கும்பிடாதீர்கள். குங்குமத்தைத் துடையுங்கள். தேதியைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அது தடுமாறாமல் படித்தால், அந்தப் பள்ளி பிள்ளைக்கு ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தேதி முடிந்திருந்தால், ஒருவராய் அல்ல, பத்துப் பேராய்ச் சேர்ந்து, ஏன் என்று கேளுங்கள்.

காசிமேட்டுத் தோழரின் மகள் எங்கேயாவது உட்கார்ந்து அந்தப் பரீட்சையை எழுதியே தீர வேண்டும். அதற்கு வேண்டியதை அவரோடு நடந்து நாமும் கேட்போம். ஆனால் அவருக்கு அடுத்து வருகிற தகப்பனுக்கு, "யாரும் சொல்லலையே" என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. அதற்காகவே இதை எழுதினோம்.