முத்திரையில் இல்லாத பெயர்

மனிதன் செய்த பொருளைப் போற்றிவிட்டு, அதைச் செய்த மனிதனை மறப்பது நம் காலத்தின் பெரும் பிழைகளுள் ஒன்று. அந்தப் பிழையை எதிர்த்தே பிறந்த ஓர் இயக்கத்தின் படைப்புகள்மீதும் அதே பிழை இழைக்கப்படுமாயின் நாம் வாளாவிருத்தல் தகுமோ?

1988ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில், ஓக் மரத்தாலான சாப்பாட்டறை அலமாரி ஒன்று 3,63,000 டாலருக்கு விலைபோயிற்று. அமெரிக்க மரப்பொருள் உற்பத்தியாளர் குஸ்தாவ் ஸ்டிக்லி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் சொந்த இல்லத்துக்கெனச் செய்வித்த அலமாரி அது. வாங்கியவர் புகழ்பெற்ற பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட். 1999இல் அவர் அதை மீண்டும் ஏலத்துக்கு விட்டபோது விலை 5,96,500 டாலராக உயர்ந்தது. வாங்கியவர்மீதோ விற்றவர்மீதோ நமக்குக் காழ்ப்பு இல்லை. அழகிய பொருளை விரும்புவது குற்றமன்று. நாம் கேட்பது ஒன்றே: அந்த மரத்தை இழைத்து, துளையிட்டு, பொருத்திய தச்சர் யார்?

இக்கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் அத்தகைய மரப்பொருள்களை உலகுக்குத் தந்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின, பொருள்கள் மலிந்தன, தொழிலாளியின் வேலையோ துண்டு துண்டாகச் சிதைந்தது. 1853இல் ஜான் ரஸ்கின், ‘வெனிஸ் நகரின் கற்கள்’ என்னும் தம் நூலின் இரண்டாம் தொகுதியில் கோதிக் கட்டடக் கலையின் இயல்பை ஆராய்ந்தார். இடைக்காலப் பேராலயங்களின் சிற்பங்களில் காணப்படும் கரடுமுரடு, சிந்திக்கும் உரிமை பெற்றிருந்த தொழிலாளியின் அடையாளம் என்று அவர் வாதிட்டார். மாசுமறுவற்ற வழவழப்பை மட்டுமே கட்டாயப்படுத்தும் சமுதாயம், மனிதனைக் கருவியாக்கிவிடும் என்றும் எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கையை நெஞ்சில் ஏற்றவர் வில்லியம் மோரிஸ். 1861இல் நண்பர்களோடு கலைப்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1883இல் சோஷலிச இயக்கத்தில் சேர்ந்தார். 1892இல் ரஸ்கினின் அந்த அத்தியாயத்தைத் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் தனிநூலாகவே பதிப்பித்தார். அவர் வழி நின்றவர்கள் 1887இல் ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ கண்காட்சிக் கழகத்தை நிறுவினர். இயக்கத்துக்கு அதுவே பெயராயிற்று. கலையும் கைத்தொழிலும் ஒன்றே என்பது அப்பெயரின் பொருள். மறுஆண்டு லண்டனில் அக்கழகம் முதல் கண்காட்சியை நடத்தியபோது, புதுமை ஒன்றைச் செய்தது. பொருளை வடிவமைத்தவரின் பெயரோடு, கையால் செய்து முடித்தவரின் பெயரையும் விவரப்பட்டியலில் அச்சிட்டது. மேசைக்கு வரைபடம் தீட்டியவரும் மேசையைச் செய்த தச்சரும் ஒரே பக்கத்தில் இடம் பெற்றனர்! அந்த இயக்கத்தின் சாரம் இச்சிறு செயலில் அடங்கியுள்ளதென்பது நம் துணிபு.

அம்மரப்பொருள்களின் அமைப்பும் இதனையே பேசுகிறது. அக்காலத்து வணிக மரப்பொருள்களில் மட்டமான மரத்தின்மேல் மெல்லிய உயர்ரகத் தகடு ஒட்டப்படும், மூட்டுகள் மறைக்கப்படும், இயந்திரத்தில் செதுக்கிய அலங்காரம் மேலே அப்பப்படும். இவ்வியக்கத்தாரோ முழுமரத்தையே கையாண்டனர். ஒரு சட்டத்தின் முனை மற்றொரு சட்டத்தை ஊடுருவி மறுபுறம் வெளிப்பட்டு நிற்கும். மரஆப்பு அதை இறுக்கும். பெட்டியின் மூலைகளில் புறாவால் வடிவப் பற்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்பது கண்ணுக்குத் தெரியும். பொருத்து மறையவில்லை, ஆகவே பொருத்திய கையின் திறமும் மறையவில்லை. ஓக் கட்டையை ஆரவாட்டில் அறுத்தால் அதன் கதிர்க்கோடுகள் ஒளிரும். பலகையும் எளிதில் வளையாது. அம்மோனியா ஆவியில் வைத்தால் மரத்தின் துவர்ப்பொருளே பழுப்பு நிறமாக மாறும். சாயம் மேலிருந்து பூசப்படவில்லை. மரத்தின் உள்ளிருந்தே நிறம் பிறந்தது.

எர்னஸ்ட் கிம்சன் கட்டடக் கலைஞர், கற்றவர். அவர் 1890இல் ஹியர்ஃபோர்டுஷையரின் பாஸ்பரி சிற்றூருக்குச் சென்று, பிலிப் கிளிசெட் என்ற முதிய நாற்காலித் தச்சரிடம் கடைசல் வேலை பயின்றார். படித்தவர் பாட்டாளியின் முன் மாணவராக அமர்ந்த காட்சி அது. 1893இல் பார்ன்ஸ்லி சகோதரர்களோடு அவர் காட்ஸ்வோல்டு குன்றுப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார்.

இனி ஸ்டிக்லியின் முத்திரைக்கு வருவோம். தச்சரின் கவராயமும், அதனுள் ‘ஆல்ஸ் இக் கான்’ என்னும் பிளெமிய மொழிச் சொற்களும், கீழே ஸ்டிக்லியின் கையொப்பமும் அதில் உண்டு. ஓவியர் யான் வான் ஐக் கையாண்ட அச்சொற்களின் பொருள், ‘என்னால் இயன்றவரை’ என்பது. நாம் கேட்கிறோம்: இங்கே ‘என்னால்’ என்று பேசுபவர் யார்? உளி பிடித்தவரா, உரிமையாளரா? முத்திரையில் தச்சரின் பெயர் இல்லை. 1888இல் லண்டன் கண்காட்சி திறந்துவைத்த கதவை, இம்முத்திரை ஓசையின்றிச் சாத்திவிட்டது. ஏலக்கூடமோ அதற்குப் பூட்டும் போட்டது. இன்று விலையை உயர்த்துவது அந்த முத்திரையே. ஸ்டிக்லி 1915இல் நொடித்துப் போனார். அதன்பின் நெடுங்காலம் அவருடைய மரப்பொருள்கள் மதிப்பாரற்றுக் கிடந்தன. 1972இல் பிரின்ஸ்டனில் நடந்த கண்காட்சிக்குப் பின்னரே அவற்றின் மவுசு ஏறியது. மரம் அதே மரம். உழைப்பும் அதே உழைப்பு. மாறியது நாகரிகம் ஒன்றே!

“இவ்வியக்கம் தோற்றுப்போன கனவு, அதன் பொருள்களைச் செல்வரே வாங்கினர்” என்பார் உளர். இக்கூற்றில் உண்மை உண்டு, மறுக்கமாட்டோம். பணக்காரரின் ஆடம்பரத்துக்குத் தொண்டு செய்வதாகவே தம் பணி முடிகிறதென்று மோரிஸே வெகுண்டவர். எனினும் அவர் நிறுவனம் விற்ற கோரை வேய்ந்த சசெக்ஸ் நாற்காலி, நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கிடைத்தது. சி. ஆர். ஆஷ்பீ 1888இல் கிழக்கு லண்டனில் நிறுவிய கைவினைஞர் சங்கம், 1902இல் குடும்பங்களோடு சிப்பிங் கேம்டன் சிற்றூருக்குப் பெயர்ந்தது. சில ஆண்டுகளிலேயே நட்டத்தில் வீழ்ந்து கலைந்தது. அதன் பாணியைப் பின்பற்றி மலிவாக விற்ற வணிகர்களின் போட்டியும் அதற்கொரு காரணம். ஆயினும் கைவினைஞர் சிலர் அவ்வூரிலேயே தங்கினர். சங்கத்தின் வழிவந்த வெள்ளி வேலைப் பட்டறை நூறாண்டு கடந்தும் அங்கே இயங்கியது. அடிமாட்டு விலைக்கு விற்பதையே வெற்றி என்போர், அவ்விலையின் எஞ்சிய பகுதியை யார் தம் உடலால் செலுத்துகின்றனர் என்பதையும் கணக்கில் எழுதட்டும்.

“இவர்கள் இயந்திரப் பகைவர்கள்” என்பது மற்றொரு பழி. ஸ்டிக்லியின் ஆலையில் இயந்திர வாள்கள் ஓடின. முதுகொடிக்கும் வேலையை இயந்திரம் ஏற்கட்டும் என்பதே மோரிஸின் கருத்தும். வழக்கு கைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் இல்லை. தொழிலாளி தன் வேலைக்குத் தலைவனா, அடிமையா என்பதில் இருக்கிறது. கைவேலை என்ற பெயரே ஒரு பொருளைத் தூய்மையாக்கிவிடாது. குறைந்த கூலிக்கும் நீண்ட நேரத்துக்கும் கட்டுண்ட கையும் கைதான்! ‘கைவினைப்பொருள்’ என்று சீட்டு ஒட்டி விற்பவர்கள் அக்கையின் கூலியைச் சொல்வதில்லை, பெயரையும் சொல்வதில்லை.

தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இவ்வியக்கத்தோடு நெருங்கி வாழ்ந்தவர். சிப்பிங் கேம்டன் அருகே ஆஷ்பீ புதுப்பித்துக் கொடுத்த இல்லத்தில் குடியிருந்தார். இலங்கைக் கைவினைஞரின் வாழ்வு ஆங்கிலேய ஆட்சியில் நலிவதைக் கண்டு அவர் எழுதிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’, மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சேறி 1908இல் வெளிவந்தது. 1917முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோதும், அங்குள்ள பொருள்கள் மனித வாழ்வின் பயன்பாட்டுக்காகப் பிறந்தவை என்பதை அவர் இடைவிடாது நினைவூட்டினார். கண்ணாடிப் பேழைக்குள் இருந்துகொண்டே பேழையைக் கேள்வி கேட்டவர் அவர்.

அருங்காட்சியகங்களையும் ஏலக்கூடங்களையும் மூடச் சொல்லவில்லை நாம். அவற்றின் விவரப்பட்டியல்கள் மரத்தின் வகையையும் ஆண்டையும் முத்திரையையும் பழுதையும் நுணுகி எழுதுகின்றன. அதே அக்கறையோடு சம்பளப் பதிவேடுகளையும் பட்டறைக் குறிப்புகளையும் தேடட்டும். கிடைக்கும் பெயர்களை முத்திரைக்கு அருகில் அச்சிடட்டும். பெயர் கிடைக்காத இடத்தில், ‘செய்தவர் பெயர் பதிவாகவில்லை’ என்றேனும் ஒரு வரி இருக்கட்டும். நூறாண்டுக்கு முன் ஒரு கண்காட்சிக் கழகத்தால் இயன்றது, இத்தனை செல்வம் புழங்கும் ஏலக்கூடங்களுக்கு இயலாதா?