சிரிப்பை எழுதியவர் யார்?

நாடகமோ திரைப்படமோ கண்டு வயிறு குலுங்க நகைத்தவர், நகைக்கச் செய்த நடிகரின் பெயரை வீடு சென்ற பின்னும் மறவார். அந்நடிகரின் வாயில் அச்சொல்லை வைத்தவர் யாவர் என வினவுவாரோ அரியர். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் இரண்டு வாழைப்பழங்களைப் பற்றி எழும் வழக்கை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. கவுண்டமணி, செந்தில் என்னும் பெயர்கள் கேட்ட மாத்திரத்தே நாவில் வரும். அதனை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரை என் வகுப்பிற் கேட்டபோது ஒருவரும் அறிந்திலர். ஆசிரியர் அறையிலும் நிலை அதுவே.

இங்கிலாந்தில் நகைச்சுவை எழுதுவோர் இவ்வாறு மறைந்து போவதில்லை. ரே கால்ட்டன், அலன் சிம்சன் என்னும் இருவரும் காசநோய் மருத்துவமனையிற் படுத்திருந்த காலத்தே நண்பராயினர். பின்னர் 1954 முதல் பி.பி.ஸி. வானொலியில் ஹான்காக் என்னும் நடிகருக்காக அவர்கள் எழுதிய அரைமணி நாடகங்கள் நாடெங்கும் புகழ் பெற்றன. நடிகரின் பெயரோடு எழுதியோர் பெயரும் நேயர் செவியில் ஏறிற்று. அந்நாடகங்களிற் சிலவற்றின் ஒலிப்பதிவுகள் பேணுவாரின்றி அழிந்தன. ஆயினும் எழுத்துப்படிகள் அழியவில்லை. 2014இல் அப்படிகளைக் கைக்கொண்டு, வேறு நடிகரைப் பேசச் செய்து, இழந்த நாடகங்களை மீண்டும் ஒலிபரப்பினர். குரல் போயினும் ஏடு இருந்தமையால் நகை பிழைத்தது.

அந்நாட்டு எழுத்தாளர்கள் 1959இலேயே தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அண்மையில், 2023 மே 2 முதல் செப்டெம்பர் 27 வரை, 148 நாட்கள், அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்து வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் மட்டுமன்று, எந்திரம் புனைந்ததை எழுத்தாளர் ஆக்கத்தோடு ஒருங்கு வைத்து எண்ணுதலாகாது என்பதும் அவர்தம் கோரிக்கை. வேலைநிறுத்தம் என்றால் இன்னதென்று ஊவாத் தோட்டத்தவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் சிரிப்பு எழுதுவோரும் தொழிலாளரே என்னும் எண்ணம் நமக்குப் புதிது.

நம் நாட்டிலும் நகைச்சுவை எழுத்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது. இலங்கை வானொலியிற் ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதன், ‘இலண்டன் கந்தையா’ முதலிய நாடகங்களால் யாழ்ப்பாணத்துப் பேச்சை ஒலிபரப்பு மேடையில் ஏற்றினார். அவருக்குப் பின் எஸ். ராம்தாஸ் எழுதிய கோமாளிகள் நாடகம் வீடுதோறும் புகுந்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என நால்வர். முஸ்லிம் மக்களின் தமிழ் ஒருவன் வாயில். யாழ்ப்பாணத் தமிழ் இன்னொருவன் வாயில். சிங்களவர் பேசும் தமிழ் மூன்றாமவன் வாயில். அக்கிரகாரத் தமிழ் நான்காமவன் வாயில். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்னும் படமாகவும் வந்தது. மரிக்காராக நடித்தவரும் ராம்தாஸே. அதனாற்போலும் அவரை நடிகராக நினைவு கூர்வார் பலராகவும், எழுத்தாளராகப் போற்றுவார் சிலராகவும் உள்ளனர்.

இதன் அருமையை உணரப் பிறிதொன்றோடு ஒப்பிடல் தகும். வின்ஸ் பவல் என்னும் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் 1977இல் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரைப் படைத்தார். இலண்டனில் ஓர் இரவுப் பள்ளி. பல நாட்டவர் ஆங்கிலம் கற்க வருகின்றனர். அவர்தம் பிழைமொழியே நகைப்புக்கு நிலைக்களன். நம் நாட்டிலும் அதனை விரும்பிப் பார்த்தோர் மிகப் பலர். அதிற் சீக்கியராக நடித்த அல்பேர்ட் மோசஸ் நம் மலைநாட்டுக் கம்பளையிற் பிறந்தவர் என்பது பலர் அறியாச் செய்தி. அத்தொடரில் நடுவே ஆசிரியர் ஒருவர் நிற்கிறார். அவர் பேசுவது செம்மொழி. ஏனையோர் பேசுவது குறைமொழி. எனவே நகைப்பு ஒரு திசையிலேயே ஓடுகிறது. அது பிறநாட்டவரை இழிவுசெய்கிறதென்னும் கண்டனம் அந்நாட்டிலேயே எழுந்து, 1979இல் தொடர் நிறுத்தப்பட்டது.

ராம்தாஸின் நால்வர் நடுவே ஆசிரியர் இல்லை. எவன் பேச்சையும் பிழையென்று திருத்த அங்கே ஆளில்லை. மரிக்கார் அப்புக்குட்டியைப் பார்த்து நகைக்கலாம். அப்புக்குட்டி திரும்பவும் நகைக்கலாம். நால்வரும் ஒரே தளத்தில் நிற்கின்றனர். பிழை திருத்துதலையே தொழிலாகக் கொண்ட யான் இதனைக் கூறுவது வியப்பாகலாம். எனினும் கலைத்திறத்தில் ராம்தாஸின் அமைப்பே உயர்ந்தது என்பேன்.

ஆயின் அந்நால்வருள் ஐந்தாமவன் ஒருவன் இல்லை. மலையகத் தோட்டத்துத் தமிழன் அவன். பசறையிலும் அப்புத்தளையிலும் லயத்து வாசலில் வானொலியைச் சூழ்ந்திருந்து அந்நாடகத்தைக் கேட்டுச் சிரித்தவன். தன் பேச்சை மட்டும் அதிற் கேளாதவன். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கியது. நாடகக் கணக்கிலும் அவ்வாறே ஆயிற்று. கொழும்பு மேடையில் அவன் தோன்றியபோதும் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரனாகவே தோன்றினான்.

அவன் பேச்சில் நகைக்கு வறுமையோ? ‘அரைப்பேர்’ என்னும் ஒரு சொல்லை நோக்குக. கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு அரைநாட் சம்பளமே எழுதுவார். காலையிற் பெரட்டுக்களத்தில் முழுப்பேராய் நின்றவள் மாலையில் அரைப்பேராய் லயத்துக்குத் திரும்புகிறாள். இவ்வொரு சொல்லில் ஒரு நாடகமே அடங்கியுள்ளது. மாசியிற் காமன்கூத்து நடக்கும் தோட்டங்களிற் கோமாளி வேடத்தான் துரையின் நடையை நடந்து காட்டக் கண்டுள்ளேன். அவன் கையில் ஏடு இல்லை. மறு ஆண்டு அதே சொல் வருவதுமில்லை.

பண்டிதரே பேச்சுவழக்குக்குப் பரிந்து பேசலாமோ என நேயர் சிலர் கேட்பர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதற்கண் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்றாகிய எள்ளலை உரையாசிரியர் இருவகையாகப் பிரிப்பர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுதல் மற்றொன்று. அவ்விரண்டாம் நகை எளிதன்று. தோட்டத்து மக்கள் இருநூறாண்டுகளாகப் பயின்றது அந்நகையே.

அதனை எழுத வல்லார் இல்லாமலும் இல்லை. பதுளை மாவட்டத்திற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, அவ்வூர்ப் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், வி. பி. கணேசன் நடித்த ‘புதிய காற்று’ படத்துக்கு எழுதினார், ஆண்டு 1975. சிறுகதைகளில் தோட்டத்துப் பேச்சை அவர் கையாண்ட நுட்பம் இலக்கியவுலகம் அறிந்தது. அவரைப் போன்ற ஒருவர் வாரந்தோறும் அரைமணி நேரம் வானொலிக்கு நகைச்சுவை எழுதியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2022இல் அவர் மறைந்தார்.

இன்று தோட்டத்து இளைஞர் கைத்தொலைபேசியிலேயே சிறு நகைச்சுவைக் காட்சிகளை எடுத்து வெளியிடுகின்றனர். பேச்சு தங்கள் பேச்சே, வெட்கமும் இல்லை. மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எழுதி வைத்து நடிப்பார் அரியர். எழுதியவர் பெயர் திரையில் வருவது அதனினும் அரிது. எந்திரம் நகைச்சுவை புனையும் காலம் வந்துவிட்டது. அவ்வெந்திரமோ எழுதப்பட்டவற்றைக் கற்றே புனைகிறது. ஏட்டில் ஏறாத தோட்டத்துத் தமிழை அஃது எங்ஙனம் அறியும்? திரைப்படத்திற் கேட்ட மதுரைப் பேச்சையே மலையகத்தான் வாயிலும் வைத்துவிடும்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நம் மாணவர் நாடகம் நடிக்கின்றனர். கங்காணி செந்தமிழ் பேசுகிறார்; மருந்துக்குச் சிரிக்க வைக்கும் கிழவர் மட்டும் தோட்டத் தமிழ் பேசுகிறார். நடுவர் மேசையிலிருந்து இதனைப் பன்முறை கண்டுள்ளேன். போட்டி முடிந்ததும் அந்நாடகப் படி மேடையடியிற் கிடக்கும். ஆசிரிய நண்பர்கள் அதனைப் பெருக்கித் தள்ளுமுன், எழுதிய மாணவரின் பெயரையும் ஆண்டையும் மேலே குறித்துப் பாடசாலை நூலகத்தில் வைப்பார்களாக. ராம்தாஸின் பழைய வானொலிப் படிகள் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின், அவற்றுக்கும் அவ்வலமாரியில் இடமுண்டு.