அடுப்பை எண்ணினால் போதுமா?



"அந்தக் காலத்தில் எல்லாரும் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தார்கள், இப்போது எல்லாம் உடைந்துவிட்டது." இந்தப் பேச்சைக் கேட்காதவர் உங்களில் எவரும் இருக்கமாட்டீர்கள். கட்டுரைப் போட்டியில் நீங்களே எழுதியும் இருக்கலாம். நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் "கம்பி நீண்டுவிட்டது" என்றால், "எதைக் கொண்டு அளந்தீர்? முன்பு எவ்வளவு இருந்தது?" என்று கேட்பேன். குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்கேள்வியை விட்டுவிடலாமா?

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். சமையல் வேறானால் குடும்பமும் வேறு.

2011-இல் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வந்தார். என் தாயார் அப்போது பின்கட்டில் இருந்தார். அவருக்கு உப்புக் குறைந்த உணவு. அதையும் தம் கையால் ஆக்கி உண்பதே அவருக்கு விருப்பம். "சமையல் ஒன்றா, தனியா?" என்று கேட்டார் வந்தவர். "தனி" என்றேன். அம்மா ஒருவர் மட்டுமே உள்ள குடும்பமாகப் பதிவானார்! கணக்கெடுப்பாளர்மீது தவறில்லை, அவர் விதிப்படி எழுதினார். ஆனால் இரு கட்டுகளுக்கும் நடுவிலுள்ள கதவை நாங்கள் இரவிலும் தாழிடுவதில்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

இதற்கு நேர்மாறான வீட்டையும் கண்டிருக்கிறேன். ஏழு பேர், ஒரே அடுப்பு. முதியவரின் தட்டு வேளை தவறாமல் திண்ணைக்கு வரும். பேசுவதற்கு மட்டும் ஆள் வராது. கணக்கில் அது கூட்டுக் குடும்பம். 'குடும்பம்' வேறு, 'ஒரு கூரையின்கீழ் வாழும் இல்லம்' வேறு என்பதைச் சமூகவியலறிஞர் ஏ. எம். ஷா 1973-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார்.

இனி ஒரு சிறு கணக்கு. பெற்றோர் ஒரு மகனோடு வாழ்வது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். (மகள்களும் பெற்றோரைப் பேணுகிறார்கள், கணக்கை எளிதாக்கவே மகன்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.) நான்கு மகன்கள் மணமாகித் தனித்தனியே வாழ்ந்தால் இல்லங்கள் நான்கு. அவற்றில் தாத்தா பாட்டி இருப்பது ஒன்றில்தான். அதாவது 25 சதவீதம். இரண்டு மகன்கள் என்றால் 50 சதவீதம். ஒரே மகன் என்றால் 100 சதவீதம். வழக்கம் சிறிதும் மாறவில்லை; மாறியது பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டுமே. வழக்கம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும், நான்கில் மூன்று இல்லங்கள் 'தனிக்குடும்பமாக'த் தோன்றக்கூடும் அல்லவா?

மேலும், 1940-களில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 ஆண்டுகள். இன்று 70-ஐ ஒட்டியுள்ளது. அன்று எல்லாரும் 32 வயதில் இறந்தார்கள் என்பது இதன் பொருளன்று. குழந்தை இறப்பு சராசரியை மிகவும் கீழே இழுத்தது. ஆயினும், தாத்தா பாட்டி இருவரின் மடியிலும் வளரும் வாய்ப்பு இன்றைவிட அன்று குறைவாகவே இருந்திருக்கும்.

சராசரியும் நம்மை ஏமாற்றும். 2011 கணக்கின்படி, ஒரு குடும்பத்துக்கு உத்தரப் பிரதேசத்தில் சுமார் 6 பேர். தமிழ்நாட்டில் சுமார் 4 பேர். அங்கே பாசம் ஒன்றரை மடங்கு அதிகம் என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? அங்கே பிள்ளைகள் அதிகம் என்பது இதற்கு ஒரு பெருங்காரணம்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? உண்டு. 2017-18-இல் நாடு முழுவதும் நடந்த முதுமை பற்றிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 6 சதவீதத்தினர் தனியே வாழ்வது தெரிந்தது. ஏறக்குறைய 20 சதவீதத்தினர் கணவன், மனைவி என இருவராக மட்டும் வாழ்கிறார்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவர் வெளியூர் போனால் மூவர் மிஞ்சுவர். ஒரே பிள்ளை போனால் எவர் மிஞ்சுவர்? இது மனம் கெட்டதால் வந்த சிக்கலன்று. எண்ணிக்கையால் வந்த சிக்கல்.

என் கருத்து இதுதான். நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறாகிவிடும். "குடும்பம் உடைந்தது" என்று சொல்லும்போதெல்லாம் உடைத்தவர் யார் என்று தேடுகிறோம். பழி பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள்மீதே விழுகிறது. வசை பாடுவதால் எந்த முதியவருக்கும் நன்மையில்லை. அவர்களுக்கு வேண்டியவை ஓய்வூதியம், அருகிலேயே மருத்துவ வசதி, பகலில் கூடிப்பேச ஓர் இடம் ஆகியவை. பெற்றோரைப் பேணும் கடமை மகன், மகள் இருவருக்கும் உண்டு என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தெருவில் உங்களை நன்கறிந்த பத்து வீடுகளுக்குச் செல்லுங்கள். பெயர்களை எழுத வேண்டாம். முதியவர்களிடம் இரண்டே கேள்விகள்: "உங்கள் சமையல் யாரோடு?" "நேற்று யாரோடு பேசினீர்கள்?" இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அவை எத்தனை வீடுகளில் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். அதன் பிறகு உங்கள் கட்டுரையை எழுதுங்கள்.