நமக்குப் பிடித்த கலைஞரை எங்கே உட்கார வைக்கிறோம்?

பிடித்த இசைக் கலைஞரை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படாத ரசிகர் இருக்க முடியாது. நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் காத்து நிற்போம். கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஒரு செல்ஃபி எடுத்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. நானும் அப்படிக் காத்து நின்றவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மக்களிசை நிகழ்ச்சி. யூடியூபில் பல மாதங்களாகத் திரும்பத் திரும்ப நான் பார்த்திருந்த பறையிசைக் கலைஞர் அன்று மேடையேறினார். முடிந்ததும் அவர் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பறையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கை கொடுத்தார். அடிக்குச்சி பிடித்துக் காய்த்துப்போன கை.

“எந்த ஊரு தம்பி?” என்றார்.

இந்த நாட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஊரைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுவதில்லை. ஆனால் அவர் ஊரைத்தான் கேட்டார். மதுரைப் பக்கம் என்று சொல்லி ஊர்ப் பெயரையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, அங்க வந்து எத்தனையோ தடவ அடிச்சிருக்கேனே! முக்குல ஒரு டீக்கடை இருக்குமே, இன்னும் இருக்கா?”

“இருக்குண்ணே.”

“டீ நல்லாருக்கும். எங்களுக்குத் தனி கிளாசு. குடிச்சிட்டு நாங்களே கழுவி வச்சிட்டு வரணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கடையின் அடையாளத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் கடையில் நான் பள்ளி நாட்களில் தினமும் டீ குடித்திருக்கிறேன். இரண்டு வகை கிளாஸ் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் போனதற்குக் காரணம் என் சாதி. நான் ஊர்த்தெருக்காரன். எனக்கான கிளாஸ் எப்போதும் சரியாகவே வந்தது.

செல்ஃபி எடுத்தோம். ஆனால் அன்று இரவு என் நினைவுக்கு வந்தது வேறு காட்சி.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தாத்தா இறந்தார். வாசலில் நான்கு பேர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். தோல் விறைத்து, முதல் அடி விழுந்ததும் என் உடம்பு சிலிர்த்தது. இசை என்ற ஒன்று எனக்குள் நுழைந்தது அன்றுதான். பாடை எடுக்கும்வரை அவர்களை விட்டு நான் நகரவில்லை. எல்லாம் முடிந்ததும் என் சித்தப்பா அவர்களிடம் கூலிக்குப் பேரம் பேசினார். அவரைவிட மூத்த ஒருவரை “வாடா, போடா” என்றார். அவர்களுக்கான சோற்றுப் பொட்டலம் தெருமுனைப் புளியமரத்தடிக்குப் போனது.

எனக்குப் பிடித்த முதல் இசைக் கலைஞர்கள் அவர்கள்தாம். பத்து வயதிலேயே அவர்களை நேரில் பார்த்துவிட்டேன். ஆனால் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. பார்த்தேன், கேட்டேன், ஆடினேன். சந்திக்கவில்லை.

பார்ப்பதற்கும் சந்திப்பதற்கும் நடுவில் சாதி நிற்கிறது. கலையை உள்ளே விடும், கலைஞரை வாசலில் நிறுத்தும். இதுதான் இந்தச் சமூகம் இசையை ரசிக்கும் முறை.

சபாக்களைப் பாருங்கள். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களைக் கொண்டு செய்யப்படுகிற மிருதங்கம் மேடையில் பட்டு விரிப்பின்மேல் அமர்கிறது. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். வாசிப்பவரின் காலைத் தொட்டு வணங்கும் ரசிகருக்குச் செய்தவரின் பெயர் தெரியாது. அந்தப் பெயர்களைத் தேடிப் போய் டி.எம்.கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. மிருதங்கத்துக்குத் திறக்கும் கதவு, அதைச் செய்தவர்களின் கதைக்குத் திறக்கவில்லை.

இது பழைய தலைமுறையின் நோய், நாமெல்லாம் மாறிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். 2021இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ கோடிக்கணக்கானோர் காதுகளுக்குப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அந்தப் பாட்டை எழுதியவர் அறிவு. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. பா.ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அவரை வைத்து இன்னொரு அட்டை வந்தது. பாட்டை நாம் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தோம். பாடியவரைக் காணோம் என்று உடனே கவனித்தவர்கள் எத்தனை பேர்?

“இப்போது பறைக்கு எவ்வளவு மரியாதை வந்துவிட்டது, இன்னுமா இதையே பேசுகிறீர்கள்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாற்றம் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் முதன்முதலாக மேடையேறினார்கள். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவை யாரும் தானமாகக் கொடுத்தவை அல்ல, கலைஞர்கள் போராடிப் பெற்றவை. ஆனால் மேடையில் கிடைக்கும் மரியாதை தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டதா? ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைச் சொல்வதைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தத் தொன்மை நமக்கு வேண்டும். அதே பறையை அடித்தவரின் பேரன் நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால்?

இயக்கத்துக்குள்ளேயே இன்னொரு விவாதமும் உண்டு. சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய இழிதொழில், அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கிய, ஊர்விலக்கம் செய்யப்பட்ட சேரிகளின் வலியிலிருந்து வருகிற குரல் அது. பறை எங்கள் கலை, எங்கள் போர்க்குரல், அதை மீட்போம் என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டும் ஒரே உரிமையைத்தான் கேட்கின்றன: அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தீர்ப்பு சொல்லும் வேலை என்னைப் போன்ற ஊர்த்தெருக்காரனுக்கு இல்லை.

எனக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சந்திப்புக்கு அடுத்த ஆண்டு, எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து பறையிசைக் குழு வந்திருந்தது. மதியம் மண்டபத்தில் பந்தி. குழுவினர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குள் இருந்த புரட்சிக்காரன் எழுந்தான். அவர்களிடம் போய், “வாங்கண்ணே, உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம்” என்று மூத்தவரின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்?”

நான் முதலில் அவர்கள் கையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாது. வரிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்த என் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அது கடினம். அவர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அதனால்தான் எளிதான வழியைத் தேர்ந்தேன். என் முற்போக்கைக் காட்ட அந்த நான்கு பேரின் பாதுகாப்பைப் பணயம் வைத்தேன்.

அன்று மாலை நான் பஸ் ஏறவில்லை. வீட்டில் பேச்சு முற்றிச் சண்டையானது. “படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்சிட்ட” என்றார் சித்தப்பா. அம்மா அழுதார். மூன்று ஆண்டுகளாகச் சித்தப்பா என்னிடம் பேசுவதில்லை. மண்டபப் பந்தியும் இன்னும் மாறவில்லை. ஆனால் போன ஆண்டு விழாக் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்ப என்னோடு இன்னும் மூன்று இளைஞர்கள் எழுந்து நின்றார்கள். குழுவுக்கான தொகையை முன்கூட்டியே பேசி, எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் கமிட்டி ஏற்றது. வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் பேரம் பேசும் இடத்தில் “வாடா, போடா” இனி இருக்காது.

இளம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். உங்களுக்குப் பிடித்த கலைஞர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள், செல்ஃபியும் எடுங்கள். மேடையைவிட்டு இறங்கிய களைப்பில் இருப்பவரிடம் “எங்களுக்காக ஒரு அடி அடிச்சுக் காட்டுங்கண்ணே” என்று கேட்காதீர்கள். உங்கள் கல்லூரி விழாவுக்கோ இயக்க நிகழ்ச்சிக்கோ அழைத்தால், “நம்ம நிகழ்ச்சிதானே” என்று சொல்லித் தொகையைக் குறைக்காதீர்கள். தோழமை என்ற பெயரில் நடக்கும் பேரமும் பேரம்தான். சுவரொட்டியில் ‘பறையிசை நிகழ்ச்சி’ என்று மட்டும் போடாமல், அடிக்கிறவர்களின் பெயரைப் போடுங்கள்.

பிறகு ஊருக்குப் போங்கள். உங்கள் வீட்டுச் சாவுக்கும் திருவிழாவுக்கும் வருகிறவர்களின் பெயர் என்ன, அவர்களை யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எங்கே சாப்பிட வைக்கிறார்கள் என்று பாருங்கள். சண்டை போட வேண்டியவர்கள் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். அந்தச் சண்டையை நீங்கள்தான் போட வேண்டும், அதற்கான விலையையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

என் கைபேசியில் அந்த செல்ஃபி இன்னும் இருக்கிறது. எங்கேயும் பதிவிடவில்லை. எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரே பந்தியில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடும் நாளில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவரைச் சந்தித்தேன் என்று சொல்வேன்.