“பிரித்துப் பார்!” — யாரிடம் சொல்கிறீர்?

புரளி மலிந்த காலம் இது, தோழர்களே! 2024 பிப்ரவரி 8-ஆம் நாள் சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் விமானக் கம்பெனிகளுக்கு வந்தவை நூற்றுக்கணக்கில். அத்தனையும் பொய். “வழக்கமான புரளிதானே” என்று சிரிக்கப் பலர் பழகிவிட்டனர். குண்டைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம் விமான நிலையம். கொழும்பு விமானத்துக்கென வந்து ஏற்றப்படாமல் கிடந்தன பெட்டிகள். குண்டு இருக்கிறதென்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. அதன் பின்னும் அருகே மனிதர்கள் இருந்தார்கள். வெடித்தது, ஏறத்தாழ 30 பேர் மாண்டனர்.

நம் பக்கம் வருவோம். நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசில் எங்கு திரும்பினும் மூட்டை, பெட்டி, பொட்டலம். இதில் எது சந்தேகப் பொருள்? மேசை முன் அமர்ந்தவருக்குத் தெரியாது. ரசீது இல்லாதது எது, முகவரி இல்லாதது எது, வைத்தவன் திரும்பிப் பாராமல் போனது எதை — அன்றாடம் சுமக்கும் தோழனுக்கே தெரியும். அவன் கண் வேண்டும். ஆனால் அவன் கை எதற்கு? “அதைப் பிரித்துப் பாரப்பா” என்று காவலாளியையோ, கூட்டிப் பெருக்கும் அம்மாளையோ ஏவ எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. அது காவல்துறையின் வெடிகுண்டு பிரிவினர் வேலை. அவர்களுக்குக் கருவி உண்டு, கவசம் உண்டு. இவர்களுக்கு என்ன உண்டு, துடைப்பமா?

ஆகவே தொடாதீர், நகர்த்தாதீர், தண்ணீர் ஊற்றாதீர். அருகே நின்று செல்பேசியில் பேசவும் வேண்டாம். விலகிச் சென்று 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். சொந்தப் பை கையருகே இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சோதிப்போர்க்குச் சுமை குறையும். வெளியே வந்தபின் கண்ணாடிச் சுவரோரமும் வண்டிகளுக்கிடையிலும் கூடி வேடிக்கை பார்க்காதீர்.

மிரட்டல் தொலைபேசியில் வந்தால் வைத்துவிடாமல் பேச்சை வளர்த்து, எங்கே, எப்போது என்று கேளுங்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். குரலையும் பின்னணி ஓசையையும் குறியுங்கள். மின்னஞ்சலானால் அழிக்காதீர். பெயர் மறைத்து மிரட்டுவோனுக்கு 2 ஆண்டுவரை கூடுதல் சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு. பிடிக்க அந்தக் குறிப்பு உதவும்.

இன்னொன்று, கூலி. வெளியே நின்ற ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் வெட்டினால், அடுத்த முறை சந்தேகப் பெட்டியைக் கண்டவன் வாய் திறப்பானா? சேகோ ஆலையோ, விசைத்தறிக் கூடமோ, அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் இதை எழுதி வாங்கட்டும்: வெளியேறிய நேரத்துக்கு முழுக்கூலி. இரவு ஷிப்டில் ஆளை வெளியேற்ற உத்தரவிடுபவர் யார் என்பதையும் பெயரோடு கேட்டு வாங்குங்கள்.