புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறிவிட்டால், "யாரோ உங்களை நினைக்கிறார்கள்" என்று கூறி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அன்பினால் எழுந்த வழக்கந்தான். அதில் குற்றங் காண்பதற்கில்லை. ஆயினும், நெடுங்காலமாகச் சுவாச நோயினால் வருந்தும் முதியவர் ஒருவருக்கு நாள்தோறும் புரையேறுமாயின், அவரை நினைக்க வேண்டியவர்கள் எங்கோ தொலைவில் இருப்பவர்களல்லர். அவருடன் ஒரே வீட்டிலிருந்து உண்ணும் நாமேயாவோம். இதனை எனக்கு உணர்த்தியது என் பெரியப்பாவின் நோய்.

அவர் நானாட்டானிலே, கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் செய்து வாழ்ந்தவர். இளமை முதற்கொண்டு சுருட்டுப் பழக்கம். அத்துடன் சூடடிக்கும் காலத்துத் தூசி. அறுபது வயதைத் தாண்டியதும் முட்டு வந்து சேர்ந்தது. நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்று வைத்தியர் கூறினார். இன்ஹேலரும் மாத்திரையுமாக ஒருவாறு காலம் கழிந்தது. ஆனால், ஓராண்டிலே மூன்று முறை காய்ச்சலும் சளியும் கண்டு வைத்தியசாலையில் தங்க நேர்ந்தது. மார்கழிப் பனி என்றோம், வயற்காற்று என்றோம். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடித்து மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

மூன்றாம் முறை, பேச்சுச் சிகிச்சை பயின்ற இளம்பெண் ஒருத்தி கட்டிலருகே வந்து, "ஐயா தேத்தண்ணி குடிக்கேக்க இருமுறவரோ, அம்மா?" என்று பெரியம்மாவிடம் கேட்டாள். "ஓம் பிள்ளை, ஒவ்வொரு நாளும். ஆரோ நினைக்கினம் எண்டுதான் நாங்கள் சொல்லுறனாங்கள்" என்றார் பெரியம்மா. அப்பொழுதுதான் எங்களுக்கு விளங்கியது, வைத்தியரிடம் எத்தனையோ சொல்லியும் இந்த ஒன்றை மட்டும் நாங்கள் சொல்லாமல் விட்டது.

உணவுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? மாணவர்கள் இதனைக் கவனிப்பது நன்று. தொண்டையிலே உணவு செல்லும் வழியும் காற்றுச் செல்லும் வழியும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. புகையிரதப் பாதையைத் தெரு கடக்குமிடத்தை நினைத்துப் பாருங்கள். புகையிரதம் வரும்போது படலை மூடப்படுவதுபோல, நாம் விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கின்றது; மூச்சு ஏறத்தாழ ஒரு விநாடி நின்றுவிடுகின்றது. உடல்நலமுள்ளவர் பெரும்பாலும் மூச்சை வெளிவிடும் வேளையிலேயே விழுங்குகின்றார். விழுங்கியபின்னும் மூச்சு வெளியேதான் செல்லும். அதனால், மிச்சமாக நின்ற துளியும் வெளியே தள்ளப்படுகின்றது.

சுவாச நோயாளிக்கு இந்த ஒழுங்கு குலைகின்றது. நிமிடத்துக்கு இருபத்தைந்து, முப்பது தடவை மூச்சு வாங்குபவரால் ஒரு விநாடி பொறுப்பதும் அரிது. விழுங்கிய உடனே அவர் காற்றை உள்ளிழுக்கிறார். அதனுடன் தேநீர்த் துளியும் சோற்றுப் பருக்கையும் உள்ளே சென்றுவிடுகின்றன. சில மருந்துகளால் வாய் உலர்ந்துபோவதும் விழுங்குதலைக் கடினமாக்கும். இவ்வாறு உணவும், வாயிலுள்ள கிருமிகளும் நுரையீரலிற் சேர்ந்தால் நியூமோனியா உண்டாகலாம். இதில் மிக அஞ்சத்தக்கது ஒன்றுண்டு: தொண்டையின் உணர்ச்சி மங்கியவர்க்கு இருமல் வராமலே உணவு உள்ளே புகுந்துவிடும். ஆகையால், இருமல் இல்லை என்பதனாலே இடரில்லை என்று கொள்ளலாகாது.

இதனை முன்கூட்டியே அறிவதற்கு எளிய வழிகள் உள. 2008ஆம் ஆண்டில் வெளியான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் சுழியம் முதல் நான்கு வரை புள்ளியிடுவர். மொத்தம் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மேலும் ஆராய வேண்டும். யப்பானியர் கையாளும் முறை இன்னும் எளிது: குரல்வளையின்மேல் விரலை மெதுவாக வைத்துக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை உமிழ்நீரை விழுங்க முடிகின்றது என்று எண்ணுவர். மூன்றுக்குக் குறைந்தால் ஐயத்திற்கிடமுண்டு. மூன்றாவது நீர்ச் சோதனை. ஏறத்தாழ 90 மில்லிலீற்றர் நீரை நிறுத்தாமற் குடிக்கச் செய்து, இடையில் நிறுத்துகிறாரா, இருமுகிறாரா, குரல் நீர் கலந்ததுபோல் மாறுகின்றதா என்று பார்ப்பர். இதனைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். மூச்சு வாங்குபவரிடத்தும் மயக்கமுள்ளவரிடத்தும் வீட்டில் நாம் செய்துபார்த்தல் ஆகாது.

இச்சோதனையில் தேறாதவரெல்லாம் நோயுள்ளவர் என்பதல்ல. 3,000 பேரை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நீர் உண்மையாகவே மூச்சுக்குழலிற் புகுந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் இச்சோதனையில் அகப்பட்டனர். ஆனால், அவ்வாறு புகாதவர்களிலும் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தேறவில்லை. எனவே இது சுளகு போன்றது. சுளகு புடைத்துப் பிரித்துக் காட்டும்; பிரிந்தது நெல்லா பதரா என்று கையிலெடுத்துப் பார்த்தே அறியவேண்டும். அவ்வாறு பார்ப்பதற்கு, விழுங்கும்போதே எடுக்கும் எக்ஸ்ரே படமும், மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தித் தொண்டையை நோக்கும் முறையும் உண்டு. நம் நாட்டில், களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. பேச்சுச் சிகிச்சையாளர் என்றால் திக்குவாய்க்கு மட்டும் உரியவர் என்று எண்ணிவிடாதீர்கள். விழுங்குதலும் அவர்தம் துறையே. பிள்ளைகளுக்குத் துறை தேடும் பெற்றோர் இதனையும் நினைவிற் கொள்ளலாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில. முதியவரை நிமிர்ந்திருந்து உண்ணச் செய்யுங்கள். நடந்து வந்த களைப்போடு உடனே சோற்றின்முன் அமர்த்தாதீர்கள், சற்று இளைப்பாறட்டும். சிறு வாய்களாக, ஒன்றை விழுங்கியபின் மற்றொன்றாக உண்ணட்டும். உண்டபின் அரை மணி நேரமாவது படுக்காதிருக்கட்டும். வாய்த் தூய்மையை அற்பமாக எண்ணாதீர்கள். யப்பானிய முதியோர் இல்லங்களில் ஈராண்டுகள் நடத்திய ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. வாயைத் தூய்மை செய்யத் தனிக் கவனம் பெறாதவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கும், அக்கவனம் பெற்றவர்களில் பதினொரு பேருக்குமே நியூமோனியா கண்டது. பல்லில்லாத வாய்க்கும் இது பொருந்தும். வெற்றிலை போடும் வாய்க்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் கஞ்சியா, சோறா, நீரைத் தடிப்பாக்குவதா என்பவற்றைச் சிகிச்சையாளரைக் கேட்டே தீர்மானியுங்கள். பயந்து உணவைக் குறைத்துவிட்டால் உடல் மெலிந்து, மூச்சுக்கான தசைகளும் வலுவிழக்கும்.

பெரியப்பாவுக்கு மிகவும் கடினமாயிருந்த கட்டளை வேறொன்று: உண்ணும்போது பேசலாகாது! சோற்றோடு கதையும் பரிமாறிப் பழகியவர் அவர். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உண்டார். பின்னர், கைகழுவிச் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் கதை சொல்லத் தொடங்கினார். படுக்கக்கூடாத அந்த அரை மணி நேரம் அவ்வாறே கழிந்தது. முட்டு அவரை விட்டுப் போகவில்லை. அது போகும் நோயுமன்று. எனினும், அதற்கடுத்த மார்கழியை அவர் வைத்தியசாலையிற் கழிக்காமல் வீட்டிலேயே கழித்தார்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் தொய்வோ முட்டோ உள்ள முதியவர் ஒருவர் இருக்கலாம். இன்றிரவு அவர் உண்பதைச் சற்றுக் கவனியுங்கள். இருமுகிறாரா, உண்டபின் குரல் கரகரக்கின்றதா, உணவு நேரம் முன்னையினும் நீள்கின்றதா, காரணமின்றி மெலிகிறாரா, காய்ச்சல் அடிக்கடி திரும்பி வருகின்றதா? கண்டதை அவருடைய கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி, அடுத்த முறை வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் கேட்கவில்லையே என்று காத்திராமல், நீங்களே சொல்லுங்கள்.